வல்லக்கோட்டைப் பக்கத்துக் கருங்கல்

ஸ்ரீபெரும்புதூரினின்றும் ஒரகடம் செல்லும் சாலையை அடுத்து வல்லக்கோட்டை என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள முருகன் கோயிலும், ஏழடி உயரமென்று சொல்லப்படும் மூலவர் திருவுருவமும் தொண்டைநாட்டார் பலரும் அறிந்தவையே. இக்காலத்தில் அவ்வூரைச் சூழ்ந்த ஏரிக்கரைகளும் மேய்ச்சல் வெளிகளும் பெரும்பாலும் தொழிற்சாலைகளாக மாறிவிட்டன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்திலும் மோட்டார் வண்டிகள் செய்யத் தொடங்கிய பின்னர் இப்பக்கத்தில் சாலையும் கட்டடமும் ஓயாது எழுகின்றன. அவற்றிற்கு வேண்டிய ஜல்லியை ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அந்த ஜல்லி யாது கல்லென்று வினவினால், ஊரார் 'கருங்கல்' என்பர். வியாபாரிகள் 'கிரானைட்டு' என்பர். இவ்விரு விடைகளிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் அரைகுறையான விடைகளே. இப்பக்கத்துக் கல்லின் வரலாறு சாதாரணக் கிரானைட்டின் வரலாற்றைக் காட்டிலும் நீண்டதும், சிறிது சிக்கலானதும் ஆகும். அதனை இயன்றவரையில் எளிதாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரானைட்டு என்பது யாதெனில், பூமியினுள்ளே உருகிய பாறைக்குழம்பு மேற்பரப்புக்கு வராமல் ஆழத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல ஆறி இறுகியதனால் உண்டான அக்கினிப்பாறை. மெல்ல ஆறியபடியால் அதிலுள்ள மணிகள் கண்ணுக்குத் தெரியுமளவு பருத்து வளர்ந்திருக்கும். அதனை ரசாயன முறைப்படி பகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 70 முதல் 75 பங்கு வரையில் சிலிக்காவும், 14 பங்கு அளவில் அலுமினாவும், பொட்டாசியம் சோடியம் இவற்றின் ஆக்சைடுகள் ஏறக்குறைய 8 பங்கும், எஞ்சியவை இரும்பு, கால்சியம், மக்னீசியம் முதலியனவுமாக இருக்கக் காணலாம். இப்பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூவகை மணிகளாகின்றன. முதலாவது குவார்ட்ஸ், சிறுவர் இரண்டு துண்டுகளை உரசித் தீப்பொறி காணும் வெங்கச்சங்கல் இதுவே. இரண்டாவது பெல்ஸ்பார், வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ பளபளப்பது. மூன்றாவது அப்பிரகம், தகடு தகடாக உரிவது. இம்மூன்றாவதன் உடலிலே நீர் அடங்கியிருக்கின்றது என்பதனை வாசிப்போர் மனத்திற்கொள்ளல் வேண்டும். நீரென்றால் ஈரமன்று, பிராணவாயு அணு ஒன்றும் ஜலவாயு அணு ஒன்றும் இணைந்த இரட்டைகளாக அது அம்மணியின் கட்டுக்கோப்பிலேயே பின்னிக் கிடப்பது. இனிச் சொல்லப்போவன யாவும் இச்சிறு செய்தியையே பற்றி நிற்பன.

இப்பக்கத்துக் கல்லைப் புதிதாக உடைத்து வெயிலிற் பிடித்துப் பாருங்கள். நிறம் கருநீலமோ கரும்பச்சையோ என்று ஐயுறத்தக்கதாய், எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும். அதன் பெல்ஸ்பார் பச்சைச்சாயல் உடையது. குவார்ட்ஸும் நீலச்சாயல் காட்டும். காற்றும் மழையும் பட்ட புறத்தில் மட்டும் பழுப்பேறி வெளுத்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தால் அப்பிரகம் மிக அரிதாகவே தென்படும். அதற்குப் பதிலாக ஹைபர்ஸ்தீன் என்னும் கரிய மணிகள் சிதறியிருக்கும். ஹைபர்ஸ்தீன் இரும்பும் மக்னீசியமும் சிலிக்காவும் கூடியது. அதில் நீர் சிறிதும் இல்லை. ரசாயனப் பகுப்பில் கிரானைட்டை ஒத்திருந்தும், அப்பிரகத்திற்குப் பதிலாக ஹைபர்ஸ்தீன் அமைந்த இப்பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர்.

இப்பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவை நிறுவியவரென்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னோக் என்னும் ஆங்கிலேய வணிகர் 1693-இல் இறந்தார். (அவரை அந்நகரின் நிறுவனராகக் கொள்ளலாகாதென்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003-இல் கூறிவிட்டது, அது வேறு செய்தி.) அங்குள்ள அர்ச். யோவான் ஆலய வளாகத்திலிருக்கும் அவரது கல்லறையின் மேல் மூடிய கல், வங்காளத்து வண்டல் நிலத்தில் கிடைக்கக்கூடிய கல்லன்று. இந்தியப் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு அதனை ஆராய்ந்து, அது சென்னைக்கருகிலுள்ள பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லே என்று கண்டு, 1893-இல் அக்கல்லறைக்குரியவர் பெயரையே கல்லுக்கு இட்டார். 1900-இல் அவர் வெளியிட்ட விரிவான நூலுக்குப் பின்னர் அப்பெயர் உலகமெங்கும் பரவிற்று. நார்வேயிலும் ஆப்பிரிக்காவிலும் தென்துருவக் கண்டத்திலும் இத்தகைய பாறையைக் காண்போர் யாவரும் இன்று அப்பெயராலேயே அதனை அழைக்கின்றனர். வல்லக்கோட்டையிலிருந்து பல்லாவரம் ஒரு நாளில் நடந்து சென்றுவிடக்கூடிய தொலைவிலேயே உளது. இப்பக்கத்து நிலத்தின் அடித்தளமும், பல்லாவரத்துச் சார்னோக்கைட்டும் அதனோடு கலந்த நைஸ் என்னும் வரிப்பாறையும் சேர்ந்த பழம்பாறைத் தொகுதியே ஆகும்.

அப்பிரகம் எங்கே போயிற்று? ஹைபர்ஸ்தீன் எங்கிருந்து வந்தது? இரசாயன வகுப்பில் சமன்பாடு எழுதிப் பழகிய மாணவர் எவரும் இதற்கு விடை கண்டுகொள்ளலாம். ஒரு பங்கு கரிய அப்பிரகத்தையும் மூன்று பங்கு குவார்ட்ஸையும் கடும் உஷ்ணத்தில் ஒன்றாக வைத்தால், மூன்று பங்கு ஹைபர்ஸ்தீனும், ஒரு பங்கு பொட்டாசியப் பெல்ஸ்பாரும், ஒரு பங்கு நீரும் உண்டாகின்றன. இரும்பு, மக்னீசியம், பொட்டாசியம், அலுமினியம், சிலிக்கான் யாவும் இருபுறமும் சரியாக நிற்கும். பிராணவாயு அணுக்கள் இருபுறமும் பதினெட்டு. ஜலவாயு அணுக்கள் இருபுறமும் இரண்டு. அந்நீர் பாறையைவிட்டு வெளியேறிவிடின் மீண்டும் அப்பிரகம் உண்டாக வழியில்லை. ஆகவே சார்னோக்கைட்டு என்பது, சுருங்கச் சொன்னால், காய்ச்சி நீர் வற்றச் செய்த கிரானைட்டு எனலாம்.

இது நிகழ்வதற்கு வேண்டிய உஷ்ணம் ஏறக்குறைய 750 முதல் 850 பாகை வரையில் என்று கணித்திருக்கின்றனர். அமுக்கமோ வாயுமண்டல அமுக்கத்தைப்போல் ஆறாயிரம், ஏழாயிரம் மடங்கு. பாறை தண்ணீரைப்போல் இரண்டே முக்கால் மடங்கு கனமுடையதாதலால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் 270 மடங்கு வாயுமண்டல அமுக்கம் கூடும். எனவே இந்தக் கல் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது என்பது கணக்காலேயே கிடைக்கும் முடிவு. நம் காலடியில் இன்று கிடக்கும் கல் ஒருகாலத்தில் எவரெஸ்டு சிகரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் புதைந்திருந்தது என்பதனைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு தடை எழும். கிரானைட்டினோடு நீர் நிறைய இருந்தால் 700 பாகைக்கு உள்ளாகவே அது உருகத் தொடங்கிவிடும். நீரின்றி இருந்தால் 950 பாகைக்கு மேற்பட்டாலொழிய உருகாது. 800 பாகையில் வெந்தும் இப்பாறை முழுதும் உருகி ஓடாமல் நின்றதெனில், அதிலிருந்த நீர் எவ்வாறோ முன்னமே அகற்றப்பட்டிருத்தல் வேண்டும். அதனை அகற்றியது யாது என்பதே இப்பாறையைப்பற்றி நூறாண்டுகளாக நடந்துவரும் வழக்கின் சாரம்.

ஹாலண்டு இப்பாறை முழுவதையும் ஒரே பாறைக்குழம்பிலிருந்து பிறந்த குடும்பமாகக் கொண்டார். சிலிக்கா நூற்றுக்கு 75 பங்குள்ள வெளிறிய இனமும், 50 பங்கே உள்ள கரிய இனமும் அக்குழம்பு படிப்படியாகப் பிரிந்து இறுகியதனால் வந்தனவென்பது அவர் கொள்கை. 1955-இல் ஹவ்வி என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பாறைகளின் ரசாயனத்தை நுணுகி ஆராய்ந்து வெளியிட்டார். 1959-இல் ஏ. பி. சுப்பிரமணியம் என்பார் பல்லாவரப் பகுதியையே மீண்டும் அளந்து பார்த்து, வெளிறிய இனமும் கரிய இனமும் ஒரே குடும்பமல்லவென்று மறுத்தார். அதற்கு அடுத்த ஆண்டில் மைசூர்ப் பூகர்ப்ப சாஸ்திரியாகிய பிச்சமுத்து, கபல்துர்க்கம் என்னுமிடத்தில் தாம் கண்டதொன்றை எழுதினார். அங்கே ஒரு கல்குவாரியில், வெளிறிய வரிப்பாறையின் நடுவே திட்டுத் திட்டாகவும், வெடிப்புகளையொட்டிக் கோடு கோடாகவும் கரும்பச்சைச் சார்னோக்கைட்டு பரவியிருந்தது. சோற்றில் சாம்பார் ஊறினாற்போல் ஒரு பாறை மற்றொன்றாக மாறும்போதே உறைந்துபோன காட்சி அது. உருகி இறுகாமலே, இருந்த நிலையிலேயே பாறை உருமாறக்கூடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டுவதில்லை.

பின்னர் வந்தோர் அவ்வெடிப்புகளின் வழியே ஏறி வந்தது யாதென்று தேடினர். சார்னோக்கைட்டின் குவார்ட்ஸ் மணிகளுக்குள்ளே, சிறந்த உருப்பெருக்கிக்கே புலப்படும் நுண்ணிய குமிழிகள் உள்ளன. அவற்றுட் பலவற்றில் அடைபட்டிருப்பது நீரன்று. மிகுந்த அமுக்கத்தில் திணிக்கப்பட்ட கரியமிலவாயு. பூமியின் அடியாழத்திலிருந்து ஏறிய அவ்வாயு, பாறையிலிருந்த நீரைத் தன்னோடு கலந்து நீர்த்துப்போகச் செய்து, அப்பிரகம் சிதைவதற்கு இடங்கொடுத்தது என்பது ஒரு சாரார் கொள்கை. 1980-ஆம் ஆண்டு முதல் இக்கொள்கை பெரிதும் பேசப்படுகிறது. மற்றொரு சாரார், பாறையில் ஒரு பகுதி உருகி, அக்குழம்பு நீரை உறிஞ்சிக்கொண்டு மேலே ஏறிவிட்டமையால் எஞ்சியது வறண்டதென்பர். கபல்துர்க்கத்தைப் பார்த்தால் முன்னவர் வெல்வர். நூற்றுக்கணக்கான மைல் பரந்த சார்னோக்கைட்டு நிலத்தை நோக்கினால் அத்தனைக் கரியமிலவாயு எங்கிருந்து வந்ததென்ற கேள்விக்குப் பின்னவரே எளிதில் விடை கூறுவர். இரண்டும் வெவ்வேறிடத்து நிகழ்ந்திருக்கலாம் என்பதே இதனை எழுதுவோனுக்குத் தோன்றுவது.

உருகி மேலேறிய குழம்பு என்றோமே, அதுவே இறுகிச் சாதாரணக் கிரானைட்டாகியது. செஞ்சியின் கோட்டையைத் தாங்கி நிற்கும் குன்றுகளும், பெங்களூருக்குத் தென்மேற்கே இராமநகரப் பாறைகளும் இவ்வினத்தன. இராமநகரத்தின் பழம்பெயரால் குளோஸ்பேட்டைக் கிரானைட்டு என வழங்கும் அந்நீண்ட பாறைத்தொடருக்கு வயது ஏறக்குறைய 252 கோடி ஆண்டு. பொட்டாசியம், ருபீடியம், யுரேனியம், தோரியம் ஆகிய மூலகங்கள் குழம்போடு செல்வதில் விருப்பமுடையன. ஆதலால் மேலே சென்ற கிரானைட்டில் அவை மிகுந்தும், ஆழத்தே நின்ற பாறையில் ருபீடியமும் யுரேனியமும் குறைந்தும் காணப்படுகின்றன. யுரேனியமும் தோரியமும் உஷ்ணத்தை ஈனும் மூலகங்கள். அவை அடியிலிருந்து மேலே கடத்தப்பட்டமையால் கண்டத்தின் அடிப்பாகம் குளிர்ந்து உறுதிப்பட்டது. இந்தியத் தீபகற்பம் இத்தனைக் காலம் பெரிதும் நொறுங்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வளவு கிரானைட்டும் முதலில் எங்கிருந்து வந்தது? பூமியின் இளமையில் அதன் மேலோடு பெரும்பாலும் கரிய எரிமலைக்கல்லாகவே இருந்தது. கடல்நீர் பட்டு ஊறிய அக்கல் ஆழத்தே அமிழ்ந்து, ஒரு பகுதி உருகினால், சோடியம் மிகுந்து பொட்டாசியம் குறைந்த ஒருவகைக் கிரானைட்டுக் குழம்பு பிறக்கும். உலகின் மிகப் பழைய கண்டத்துண்டுகள் எல்லாம் இவ்வகையினவே. அவ்விளங்கண்டம் மீண்டும் தடித்து உருகும்போதுதான் பொட்டாசியம் நிறைந்த கிரானைட்டுகள் தோன்றுகின்றன. 260 கோடி ஆண்டுகட்கும் 250 கோடி ஆண்டுகட்கும் இடையே தென்னாட்டில் இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. கடலடித் தகடுகள் கண்டத்தின் கீழ்ச் செருகியதனாலும், துண்டுகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டியதனாலும் அவை நிகழ்ந்தனவென்று பலர் கொள்வர். அத்துணைப் பழைய நாளில் பூமியின் தகடுகள் இன்றுபோல் இயங்கினவா என்று ஐயுறுவாரும் உளர். எவ்வாறாயினும் அன்று இங்கே மேலோடு மிகத் தடித்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஏனெனில், 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த பாறை மேலே வந்த பின்னரும், அதற்குக் கீழே இன்னும் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் மேலோடு எஞ்சியிருக்கின்றது. இரண்டையுங் கூட்டினால் 60 வரும். இன்று அவ்வளவு தடிப்புள்ள மேலோட்டைக் காண விரும்புவோர் இமயத்திற்கும் திபெத்துக்குமே செல்லல் வேண்டும்.

வயதைக் கண்டறியும் முறையும் ரசாயனத்தைச் சார்ந்ததே. சிர்க்கான் என்னும் மிகச் சிறு மணி இப்பாறைகளில் உண்டு. அது வளரும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏற்காது. யுரேனியமோ காலப்போக்கில் ஈயமாக மாறுவது. ஆகவே அம்மணியினுள்ளே இன்று காணும் ஈயம் முழுவதும் அங்கேயே பிறந்ததாதல் வேண்டும். 238 எடையுள்ள யுரேனியத்தில் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டு செல்லும். 235 எடையுள்ளதற்கு 70 கோடி ஆண்டு போதும். 250 கோடி ஆண்டு கழிந்தபின் முன்னதில் நூற்றுக்கு 68 பங்கும், பின்னதில் எட்டரைப் பங்குமே எஞ்சும். ஒரே மணியில் வெவ்வேறு விரைவில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டினால் அதனை நம்பலாமன்றோ? பாலக்காட்டுக் கணவாய்க்கும் காவிரிக்கும் தெற்கே மதுரைப் பக்கத்திலும், இலங்கையின் மலைநாட்டிலும் சார்னோக்கைட்டு உண்டு. ஆனால் அங்குள்ள கடிகாரங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுக்கு முன் நேர்ந்த மற்றொரு வேக்காட்டையே காட்டுகின்றன. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலம் அது. ஒரே பெயருடைய கல்லாயினும் வடக்கே உள்ளதும் தெற்கே உள்ளதும் வயதால் பாட்டனும் பேரனும் போன்றவை.

ஆழத்திலிருந்த பாறை மேலே வந்தது எப்போது? இதற்குச் சான்று ஸ்ரீபெரும்புதூரிலேயே கிடக்கின்றது. அவ்வூர்ப் பக்கத்தில் களிக்கல்லும் மணற்கல்லுமாகிய படிவுகளில் பழஞ்செடிகளின் இலைச்சுவடுகள் காணப்படும். அவை 12 கோடி ஆண்டளவு பழமையானவை. அப்படிவுகள் அரித்து மழுங்கிய பழம்பாறையின் மீதே நேராகத் தங்கியுள்ளன. ஆகவே, அன்றைக்கே மேலிருந்த 25 கிலோமீட்டர் பாறையும் மழையாலும் ஆற்றாலும் கரைந்து கடலுக்குச் சென்று முடிந்தது. களிக்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் இடையே ஒரு விரல் அகலமுமில்லை. காலமோ 230 கோடி ஆண்டுக்கு மேல். தென்துருவக் கண்டம் நம் கீழ்க்கரையைவிட்டுப் பிரிந்து சென்ற காலத்தை ஒட்டியே அப்படிவுகள் விழுந்தன. அக்கண்டத்தின் எண்டர்பி நாட்டிலும் இத்தகைய பழம்பாறை இருத்தலால், சோடியம் மிகுந்த சார்னோக்கைட்டுக்கு 1936-இல் எண்டர்பைட்டு என்று பெயரிட்டனர். சென்னையிலும் அவ்வெண்டர்பைட்டு உண்டு.

இனி, ஜல்லிக்கு வருவோம். அப்பிரகம் தகடாக உரிவதால் அது மிகுந்த கல் எளிதில் பிளவுபடும். சார்னோக்கைட்டில் அது அரிதாதலாலும், ஆழத்து வெப்பத்தில் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பூட்டிக்கொண்டமையாலும், அது நசுங்காது, தேயாது. இரயில்பாதைக்கும் காங்கிரீட்டுக்கும் இதனையே நாடுவது இதனால்தான். ஆற்றுமணல் அரிதாகிவிட்ட பின்னர் இதனையே அரைத்து எம்-சாண்ட் என்று விற்கின்றனர். 250 கோடி ஆண்டுக்கு முன் நீரை இழந்ததனால் வந்த வலிமையே கிரஷர்க்காரர் விலைபேசும் சரக்கு.

அதே வலிமைக்கு மறுபக்கமும் உண்டு. இக்கல்லில் நுண்துளைகள் நூற்றில் ஒரு பங்கும் இரா. ஆதலால் மழைநீர் தங்குவது மேலே சிதைந்து மண்ணான பகுதியிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே. (மணிக்குள்ளிருந்து போன நீர் வேறு, வெடிப்பில் தங்கும் நீர் வேறு, இரண்டையும் குழப்பலாகாது.) ஆழ்குழாய்க்கிணறு எத்தனை நூறடி இறக்கினாலும் வெடிப்புக் கிட்டாவிடின் புழுதியே வரும். முன்னோர் இந்நாட்டை ஏரிகளால் நிறைத்ததற்கு நிலத்தின் இவ்வியல்பே முதற்காரணம். பெல்ஸ்பார் மழைநீரிலுள்ள கரியமிலவாயுவால் கரைந்து களிமண்ணாகும். நீர் கசியாத ஏரிப்படுகையும் கரையும் அக்களிமண்ணால் ஆயின. நீரைத் தேக்காத கல்லே, மக்கிய பின்னர் நீரைத் தேக்கும் மண்ணாகின்றது. மேலுள்ள மண்ணை வழித்து ஏரியை மேடாக்கிக் கட்டடம் எழுப்புவோர், கீழே வேறொரு நீர்நிலை இருக்கிறதென்று எண்ணுவரேல், கல்லின் இயல்பை அறியாதவரே ஆவர்.

பரங்கிமலைச் சார்னோக்கைட்டை இந்தியப் பூகர்ப்ப இலாகா தேசியப் பூகர்ப்பச் சின்னமாக அறிவித்துள்ளது. ஆயினும் பல்லாவரக் குன்றுகளைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. ஹாலண்டும் சுப்பிரமணியமும் கல்லுடைத்துப் பார்த்த முகங்களிற் பல இன்று காண்பதற்கில்லை. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் ராபர்ட் புரூஸ் பூட் என்பார் இந்நாட்டின் பழைய கற்கால மனிதரின் கருவியை முதலில் கண்டெடுத்ததும் அந்தப் பல்லாவரத்திலேதான். ஓரூர் இரண்டு சாஸ்திரங்களுக்குப் பிறப்பிடமாயிருப்பது அருமை. நம் மாணவர் பார்க்க விரும்பினால் காலந்தாழ்த்தாமல் போதல் நன்று. சுத்தியல் வேண்டாம், உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும்.

கல்லெடுத்துக் கைவிட்ட குழிகளைச் சென்னையார் கல்குட்டை என்பர். மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்தில் அத்தகைய கல்குட்டைகள் இருபதுக்கு மேல் உள்ளன. 2017-ஆம் ஆண்டு ஏரிகள் வற்றிச் சென்னை நகரம் தவித்தபோது, அவற்றில் பல ஆண்டுகளாகத் தேங்கிய மழைநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக நகரத்திற்கு அனுப்பினர். 2019-ஆம் ஆண்டின் வறட்சியிலும் அவ்வாறே செய்தனர். கசியாத கல்லாதலால் அந்நீர் கீழே இறங்காமல் நின்றது. அக்குட்டைகளின் கரையில் நின்று எதிர்ச்சுவரை நோக்கினால், மேலே பழுப்பு மண்ணும், அதன்கீழ்ச் சிதைந்த பாறையும், அதற்குங் கீழே நீர்மட்டம்வரையில் பிளவின்றி இறங்கும் கரும்பச்சைக் கல்லும் ஒரே பார்வையில் தெரியும்.